பதினொரு மணிக்கு வாறன் என்றவர்

என் இடது முழங்கால் முறுக்கிக் கிடந்தது. பனிச்சறுக்குப் பலகைகளில் ஒன்று கழன்று பள்ளத்துக்குள் போய்விட்டது. மற்றது, உறைந்த பனியிலிருந்து துருத்திக்கொண்டிருந்த ஒரு பாறை நுனியில் குறுக்காகச் சிக்கி நின்றது. அந்தப் பலகையும் என் வலது கையிலிருந்த ஒரு சின்னக் கோடரியும்தான் என்னைத் தாங்கிக்கொண்டிருந்தன. கீழே நேர்ச் சரிவு. அதன் முடிவில் பாறைகள். போன வருடம் ஜூன் மாதம், ஒரு சனிக்கிழமை, காலை ஒன்பதரை மணி.

அறுபது மீட்டர் மேலே என் மனைவியின் அண்ணன் யோகன் நின்றார். என்னைக் காப்பாற்ற அந்த மலையில் இருந்த ஒரே ஆள். அவர் இரண்டு கைகளையும் வாயில் குவித்துக் கத்தினார்.

“மச்சான், அசையாதேங்கோ! பதினொரு மணிக்கு வாறன்!”

ஏன் பதினொரு மணி? ராகுகாலம் முடிய வேண்டும்.

அடியார்களே, இதை நம் கோவில் ஆண்டு மலரில் எழுதும்படி நிர்வாகத்தில் ஒருவர் கேட்டார். எழுதுகிறேன். ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த மலரில் வரும் அனுபவங்களை நான் பல வருடங்களாகச் சிரிப்பதற்காகத்தான் வாசித்தேன். மகளுக்கு பார்மசி படிக்க இடம் கிடைத்ததற்கு ஒருவர் பால்குடம் எடுத்தார். பார்க்கிங் அபராதத்தை லண்டன் ஹரோ கவுன்சில் ரத்துச் செய்ததற்கு இன்னொருவர் நூற்றெட்டுத் தேங்காய் உடைத்தார். கடவுளுக்கு ஹரோ கவுன்சிலில் வேலையா என்று சுகந்தியிடம் கேட்பேன். சுகந்தி என் மனைவி. எழுந்து சமையலறைக்குப் போய்விடுவாள்.

நான் கட்டட எஞ்சினியர். எந்த உத்திரம் எவ்வளவு பாரம் தாங்கும் என்று கணக்குப் போடுவது என் தொழில். கணக்கில் வராததை நான் மதித்ததில்லை. அதிலும் ராகுகாலம் என்றால் எனக்கு ஒரு தனி எகத்தாளம். எங்கள் கலியாணப் பதிவை வேண்டுமென்றே ராகுகாலத்தில் வைத்தேன். ஹரோ வீட்டுச் சாவியை ராகுகாலம் பார்த்துத்தான் போய் வாங்கினேன். மாமியார் அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. அதைச் சொல்லிச் சொல்லி நண்பர்களோடு சிரித்திருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்: ராகுகாலம் பார்த்து நடந்தவர்களை விட நான்தான் ராகுகாலத்தைக் கவனமாகப் பார்த்து வாழ்ந்தேன்.

நாற்பது வயதில் பனிச்சறுக்குப் பழகினேன். லண்டனுக்கு வெளியே கூரைக்குள் பனி கொட்டி வைத்திருக்கும் மண்டபத்தில் இரண்டு குளிர்காலம். பிறகு பிரான்ஸ், ஆஸ்திரியா. ஐந்தாறு வருடத்தில் எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. சாதாரணச் சரிவுகளில் சறுக்குபவர்களைக் கண்டால் உதடு தானாகச் சுழித்துக்கொள்ளும். அலுவலக நண்பர்கள் மூன்று பேரோடு ஒரு பெரிய திட்டம் போட்டேன். அமெரிக்காவின் மேற்குக் கரையில் நெருப்பு அடங்கிக் கிடக்கும் ஒரு எரிமலை. ஜூன் மாதத்தில் அதில் ஏறி, பாறைகளுக்கு நடுவே ஓடை போல இறங்கும் செங்குத்தான ஒரு பனிச் சரிவில் சறுக்கிக் கீழே வருவது. மலையின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் நம்மவர்கள் பஸ் பிடித்துப் போய் அங்கேயும் முருகனுக்கு ஒரு வேல் நட்டுவிடுவார்கள்.

மூன்று நண்பர்களும் ஒவ்வொருவராகக் கழன்றார்கள். ஒருவனுக்கு இடுப்பில் நாரி நோ. ஒருவனுக்குக் குழந்தை பிறந்தது. மூன்றாமவன் காரணமே சொல்லவில்லை. கோழைகள் என்று திட்டிவிட்டுத் தனியே போகிறேன் என்றேன்.

“தனிய விட மாட்டன். அண்ணையைக் கூட்டிக்கொண்டு போறதெண்டால் போங்கோ. இல்லாட்டி பாஸ்போர்ட் கையிலை வராது” என்றாள் சுகந்தி.

யோகனைப் பற்றிச் சொல்ல வேண்டும். லண்டனின் தெற்கே மிச்சம் என்ற ஊரில் ஒரு மூலைக் கடை வைத்திருக்கிறார். வயது ஐம்பத்தேழு. கல்லாவுக்கு மேலே வள்ளி தெய்வானையோடு முருகன், அதன் பக்கத்தில் லொத்தர் சீட்டு மெஷின். லண்டனுக்கு வருமுன் சுவிஸில் அகதியாகப் பதினான்கு வருடம். மலைக் கிராமம் ஒன்றில் குளிர்காலம் முழுக்க ஹோட்டல் கோப்பை கழுவி, பிறகு பனிச்சறுக்குக்காரர்களை மேலே கொண்டு போகும் லிஃப்டில் வேலை செய்தார். அங்கே தானாகவே சறுக்கப் பழகினார். அவர் சறுக்குவதை நான் ஒரு முறை பார்த்திருக்கிறேன். பின்பக்கத்தைத் தள்ளி, முழங்காலை மடக்கி, கழிப்பறையில் குந்துகிற மாதிரி இருக்கும். இந்த ஆளோடு போவதா என்று நினைத்தேன். பிறகு, பாரம் தூக்க ஒரு ஆள் கிடைத்தது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

உண்மையாகவே பாரம் முழுவதையும் அவரிடம்தான் கொடுத்தேன். கயிறு, மருந்துப் பெட்டி, ஆபத்தில் அழுத்தினால் செய்மதி வழியாக உதவி கேட்கும் கருவி, எல்லாம் அவருடைய பையில். சப்பாத்துக்கு அடியில் கட்டுகிற இரும்பு முட்கள் எனக்குப் புதிதாக வாங்கினேன். அவருக்கு என்னுடைய பழையவை. ஏறும்போது, உச்சிக்குச் சற்றுக் கீழே, அவருடைய வலது காலில் வார் அறுந்தது. ஒரு கால் முள்ளோடும் மற்றக் கால் வெறும் சப்பாத்தோடும் அவர் ஏறினார். நான் திரும்பிப் பார்த்து, நொண்டியடிக்கிறீர்களா என்று கேட்டேன். அவர் சிரித்தார்.

எட்டரைக்கு உச்சி. கந்தக நாற்றம் அழுகின முட்டை மாதிரி மூக்கில் அடித்தது.

“உள்ளுக்கை ஆரோ அடுப்பு மூட்டி வைச்சிருக்கினம் போலை” என்று சொல்லிவிட்டு, கிழக்கே பார்த்துக் கும்பிட்டு, சுருக்குப் பையிலிருந்து திருநீறு எடுத்துப் பூசினார். எனக்கும் நீட்டினார். சன்கிரீம் பூசியிருக்கிறேன், ஒட்டாது என்றேன்.

இப்போது என் மடத்தனத்தைக் கேளுங்கள். அந்தச் சரிவு தென்மேற்கைப் பார்த்தது. இரவில் இறுகிய பனி, அந்தப் பக்கத்தில் வெயில் ஏறிய பிறகுதான் மேற்பரப்பு இளகிச் சறுக்கத் தோதாக வரும். முன்னே இறங்கினால் கண்ணாடி. அதிகம் பிந்தினால் பனி சேறாகிச் சரிந்து வரும். இதெல்லாம் எனக்குத் தெரியும். பதினொரு மணிக்கு இறங்குவது என்று ஒரு மாதத்துக்கு முன்பே என் போனில் எழுதி வைத்திருந்தேன். என் கணக்கு சரியான கணக்குத்தான்.

ஒன்பது மணிக்குச் சரிவின் தலையில் வந்து நின்றோம். காத்திருக்க உட்காரலாம் என்று நான் பையை இறக்கப் போனேன். அப்போது யோகன் வாயைத் திறந்தார்.

“மச்சான், பதினொண்டு மட்டும் இருப்பம். இண்டைக்குச் சனிக்கிழமை. இஞ்சத்தை சூரிய உதயத்தை வைச்சுக் கணக்குப் பாத்தனான். ஒன்பது அஞ்சிலையிருந்து பதினொண்டு மட்டும் ராகுகாலம்.”

எனக்கு உச்சந்தலைக்கு ரத்தம் ஏறியது. நான் இப்போது உட்கார்ந்தால் என்ன அர்த்தம்? ராகுகாலத்துக்குப் பணிந்து உட்கார்ந்தேன் என்று அர்த்தம். அடுத்த கிழமை மிச்சத்தில் கடைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் இந்த ஆள் சொல்லுவார். மச்சானே ராகுகாலம் முடியும்வரை காத்திருந்தவர் என்பார். மாமியார் காதுக்குப் போகும். பனியைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த ஒரு நிமிடத்தில் எங்கே போனதென்று தெரியவில்லை.

“நீங்கள் இருங்கோ யோகண்ணை. ராகுவை நான் கீழை சந்திக்கிறன்” என்றேன். பலகைகளை மாட்டினேன்.

“பனி இன்னும் இறுக்கம், மச்சான்.”

“எனக்குப் பனி படிப்பிக்க வேண்டாம்.”

இறங்கினேன். முதல் திருப்பம் சரி. இரண்டாவதில் பலகையின் விளிம்பு கிறீச்சிட்டது. மூன்றாவதில் பிடிக்கவே இல்லை. மல்லாந்து விழுந்து, பாறை நுனியில் பலகை சிக்குகிறவரைக்கும் வழுக்கிப் போனேன். படிக்காத ஆள் ஒருவர் சொன்னதற்கு எதிராகச் செய்ய வேண்டும் என்பதற்காகவே என் கணக்கையே நான் மீறினேன். இதை விடக் கேவலமான மூட நம்பிக்கை உலகத்தில் இருக்கிறதா?

அடியார்களே, இப்படித்தான் அங்கே தொங்கினேன். யோகன் கருவியை அழுத்திவிட்டு, பதில் வந்ததும் கத்திச் சொன்னார். ஹெலிகொப்டர் மத்தியானத்துக்குப் பிறகுதான். கயிறு முப்பது மீட்டர்தான். எட்டாது. பிறகுதான் அந்தப் பதினொரு மணிக் கதையைச் சொன்னார்.

நான் பேசிய தூஷணத்தை மலரில் எழுத முடியாது. ஒரு மனிதன் சாகக் கிடக்கிறான், இந்த ஆள் கலண்டர் பார்க்கிறான் என்று கொதித்தேன். சுகந்தியின் முகம் வந்தது. மாமியாரின் முகமும் வந்தது, அன்று சாப்பிடாமல் இருந்த முகம். மேலே யோகன் விடாமல் சரவணபவ, சரவணபவ என்று உரத்துச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தச் சத்தம் பாறையில் பட்டுத் திரும்பி வந்தது. வாயை மூடுங்கோ என்று கத்தினேன். அவர் மூடவில்லை.

பத்து மணிக்குக் கால் நடுங்கத் தொடங்கியது. நல்ல காலின் நடுக்கம்தான் பயங்கரம், ஏனென்றால் அது நிற்கிற பலகைதான் என்னைத் தாங்கியது. பத்தரைக்கு வலது கை விறைத்துவிட்டது. விரல்கள் கோடரியைப் பிடித்திருக்கின்றனவா என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். எவ்வளவு நேரம் தாங்கும் என்று கணக்குப் போட்டேன். தொழில் பழக்கம். பத்து நிமிடம், கூடினால் பதினைந்து என்று விடை வந்தது. அழுதேன். நாற்பத்தெட்டு வயதில் மூக்கு ஒழுக அழுதேன். துடைக்கக் கை இல்லை.

அப்போதுதான் கும்பிட்டேன். முப்பது வருடத்துக்குப் பிறகு. மலைகளுக்கெல்லாம் முருகன்தான் சொந்தக்காரன் என்று சின்ன வயதில் சொல்லித் தந்திருந்தார்கள். இந்த மலை அவனுடைய கணக்கில் இருக்கிறதா என்று யோசிக்க நேரம் இல்லை. பால்குடம் எடுக்கிறேன், காவடி எடுக்கிறேன் என்று பேரம் பேசவில்லை. அந்தக் கடைசி நேரத்திலும் அந்த அளவுக்கு இறங்க என் திமிர் விடவில்லை. நான் கேட்டதை ஒரு சொல்லும் மாற்றாமல் இங்கே எழுதுகிறேன்.

“முருகா, யாரையாவது அனுப்பு. இவனை மட்டும் அனுப்பாதே.”

யோகன் மேல் பாசத்தால் கேட்டதாக நினைத்துவிடாதீர்கள். அந்தக் குந்துகிற ஆள் இறங்கினால் விழுந்து என்னையும் இழுத்துக்கொண்டு போவான் என்ற பயம். அதை விட ஒரு படி கீழான காரணமும் உண்டு. அவரிடம் உயிர்ப்பிச்சை வாங்கிக்கொண்டு மீதிக் காலமெல்லாம் அவர் முகத்தில் விழிக்க எனக்கு விருப்பமில்லை.

கேட்டு முடித்தபோது தோளில் வெயில் பட்டது. அதை அதிசயம் என்று சொல்ல மாட்டேன். சூரியன் வர வேண்டிய நேரத்துக்கு வந்தது. ஆனால் நான் கணக்குப் போட்ட பதினைந்து நிமிடம் போனது. கை விடவில்லை. இன்னொரு பத்து நிமிடமும் போனது. அந்தக் கையை நான் பிடித்து வைத்திருக்கவில்லை என்று மட்டும் நிச்சயமாகச் சொல்வேன். அதற்கு மேல் விளக்கம் என்னிடம் இல்லை.

பிறகு மேலேயிருந்து ஒரு சத்தம். சப்பாத்து நுனியால் பனியை உதைக்கிற சத்தம். மூன்று உதை, ஒரு படி. மூன்று உதை, ஒரு படி. இளகத் தொடங்கிய பனியில் யோகன் முகத்தைச் சரிவுக்குக் காட்டி, ஏணியில் இறங்குவது போலப் பின்பக்கமாக இறங்கி வந்தார். ஒரு காலில் முள், ஒரு காலில் வெறும் சப்பாத்து. சரவணபவ நிற்கவில்லை. மூச்சு வாங்க வாங்க அந்த ஆறு எழுத்தும் துண்டு துண்டாக வந்தது.

என் பக்கத்தில் வந்ததும் முதலில் கயிற்றை என் நெஞ்சைச் சுற்றிக் கட்டினார். பாறையில் மற்ற முனையை மாட்டினார். பிறகு என் கையைக் கோடரியிலிருந்து ஒவ்வொரு விரலாக எடுத்து, தன் ஜாக்கெட்டுக்குள், வயிற்றோடு வைத்துக்கொண்டார்.

“சரி. இனிப் பயமில்லை” என்றார்.

பத்தடி தள்ளிப் பாறையில் இரண்டு பேர் உட்காரக்கூடிய ஒரு விளிம்பு இருந்தது. அங்கே என்னை இழுத்துக்கொண்டு போனார். பிளாஸ்கில் பிளேன்டீ வைத்திருந்தார். எள்ளுருண்டை தந்தார். அதைக் கடித்துக்கொண்டே கேட்டேன்.

“யோகண்ணை, நான் செத்துக்கொண்டிருந்தாலும் பதினொண்டுக்குத்தான் வந்திருப்பியளோ?”

“ஒன்பதரைக்கு வந்திருந்தால் நேரே உங்கடை தலையிலைதான் விழுந்திருப்பன். அந்தக் கண்ணாடியிலை எனக்கு வெறுஞ் சப்பாத்து பிடிக்குமே? வெயில் பட்டாத்தான் கால் ஏறும்.”

“அப்ப ராகுகாலம்?”

“அதுவும்தான். ரெண்டும் ஒரே நேரத்தைச் சொல்லிச்சுது. நான் என்னத்துக்குப் பிரிச்சுப் பாக்க வேணும்?”

“பனி இளகட்டும் எண்டு சொல்லியிருக்கலாமே?”

“சொன்னனான்தானே. எனக்குப் படிப்பிக்க வேண்டாம் எண்டியள்.” அவர் கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு இன்னொரு எள்ளுருண்டை எடுத்துத் தந்தார்.

பன்னிரண்டரைக்கு ஹெலிகொப்டர் வந்து என்னைத் தூக்கியது. ஒருவரைத்தான் ஏற்ற முடியும் என்றார்கள். யோகன் கையசைத்துவிட்டுத் தன் பலகைகளை எடுத்து வர மேலே ஏறத் தொடங்கினார். என்னை மருத்துவமனையில் இறக்கி, முழங்காலைக் கட்டிப் படுக்க வைத்துப் பல மணித்தியாலம் கழித்து அவர் வந்து சேர்ந்தார். முகம் வெயிலில் கருகியிருந்தது. எந்த வழியால் இறங்கினீர்கள் என்று கேட்டேன்.

“அதாலைதான். நல்ல பனி, மச்சான். வெண்ணெய் மாதிரி” என்றார்.

நான் ஒரு வருடம் திட்டம் போட்டு, புதுப் பலகை வாங்கி, மூன்று திருப்பத்தில் விழுந்த சரிவை இந்த ஆள் மேலிருந்து கீழ்வரை குந்தியபடியே சறுக்கி முடித்திருந்தார். அதைக் கேட்டபோது எனக்கு வந்தது நன்றி அல்ல, பொறாமை. அதையும் எழுதி வைக்கிறேன்.

லண்டனுக்கு வந்து சத்திர சிகிச்சை, ஊன்றுகோல், நான்கு மாதம். பார்க்க வந்தவர்கள் என்னைக் கொன்றுவிட்டார்கள். கோவில் ஆட்கள், ராகுகாலத்தில் இறங்கினால் இப்படித்தான் என்றார்கள். ராகுகாலத்தில் நான் செய்த கலியாணம் இருபது வருடமாக நன்றாகத்தான் போகிறது. அதை யாரும் கேட்கவில்லை. என் பழைய நண்பர்கள், எல்லாம் மனித முயற்சி, முருகன் எங்கே வந்தான் என்றார்கள். இவர்களில் ஒருவராவது அந்தச் சரிவில் ஒன்றரை மணித்தியாலம் தொங்கியதில்லை. இரண்டு கூட்டத்தையும் ஒரே மூச்சில் வெறுத்தேன். இன்னும் கொஞ்சம் வெறுக்கிறேன். அந்தக் குணம் ஒருமுறை விழுந்ததில் போய்விடாது.

ஆனால் கட்டிலில் கிடந்தபோது ஒன்று விளங்கியது. நான் கேட்டபடி முருகன் கொடுத்திருந்தால் நான் இன்று இல்லை. அந்த மலையில் வேறு யாரும் இருக்கவில்லை. நான் வேண்டாம் என்று சொன்ன ஒரே ஆளைத்தான் அவன் அனுப்பினான். என் பிரார்த்தனையின் முதல் பாதியைக் கேட்டான். இரண்டாம் பாதியை, நல்ல வேளை, கேட்கவில்லை.

இப்போது சனிக்கிழமைகளில் கோவிலுக்கு வருகிறேன். அன்னதானம் முடிந்ததும் மடைப்பள்ளியில் யோகன் அண்டா கழுவுவார், நான் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து துடைப்பேன். முழங்கால் இன்னும் மடங்காது. சரியாகத் துடைக்கவில்லை என்று அவர் திருப்பித் தருவார். வாயை மூடிக்கொண்டு மறுபடி துடைப்பேன். எனக்கு அது மலை ஏறுவதை விடக் கஷ்டம். ராகுகாலம் பார்ப்பதை அடியோடு விட்டுவிட்டேன், பணிவதற்கும் மீறுவதற்கும்.

போன சனிக்கிழமை அண்டாவைச் சாய்த்துக்கொண்டே அவர் கேட்டார்.

“மச்சான், அண்டைக்கு அங்கை நீங்களும் கும்பிட்டனீங்கள்தானே? மேலை எனக்குக் கேட்டது. முருகா எண்டது மட்டும் கேட்டது. என்ன கேட்டனீங்கள்?”

“காப்பாத்து எண்டுதான்” என்று பொய் சொன்னேன்.

அவருக்கு அவ்வளவு சந்தோஷம். கண் கலங்கிவிட்டது. ஈரக் கையோடு என் தோளைத் தட்டினார். அந்தச் சந்தோஷத்தை என்னால் தாங்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து இதை எழுத உட்கார்ந்தேன்.

அடியார்களே, கஷ்டம் வந்தால் கூச்சப்படாமல் கேளுங்கள். நம்பிக் கேளுங்கள். ஆனால் யாரை அனுப்ப வேண்டும் என்று அவனுக்குச் சொல்லிக் கொடுக்காதீர்கள். உங்கள் வீட்டிலும் உங்களுக்குக் கண்ணில் காட்டக் கூடாத ஒருவர் இருப்பார். அவர் வந்தால் கையைக் கொடுங்கள்.

யோகண்ணை, மலர் வந்ததும் நீங்கள் கடையில் வைத்து முதல் பக்கத்திலிருந்து வாசிப்பீர்கள், எனக்குத் தெரியும். நான் அன்றைக்குக் கேட்டது உங்களை இல்லை. நேரில் சொல்ல எனக்கு ஏலவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கோ.